குழந்தைக் காசநோயைக் கண்டுபிடிக்கத் தனியார் டாக்டர்களைப் பழக்குவது எப்படி? கொங்குப் பகுதியில் புதிதாக இந்த வேலைக்கு வருவோருக்கு

சோமனூரிலோ அவிநாசியிலோ ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் அடித்தால் பெற்றவர்கள் பெரும்பாலும் முதலில் போவது பக்கத்துத் தெரு கிளினிக்குக்குத்தான். தறி நிறுத்திவிட்டோ, பனியன் கம்பெனியில் ஷிப்ட் முடிந்தோ வரும் நேரத்தில் திறந்திருப்பது அதுதான். அங்கே சரியாகவில்லை என்றால் டவுனில் ஒரு குழந்தை டாக்டர். அவரிடமும் தீரவில்லை என்றால் இன்னொருவர். வந்திருப்பது காசநோய் என்றால், அந்தக் குழந்தையின் பெயர் அரசு டி.பி. மையத்துக்கு வந்து சேர்வதற்குள் இரண்டு மூன்று டாக்டர்களும் நாலைந்து சிரப் பாட்டில்களும் கடந்துபோயிருக்கும். பல பெயர்கள் வந்து சேர்வதே இல்லை.

உலக அளவில் காசநோய் வருகிறவர்களில் 100க்கு 11, 12 பேர் 15 வயதுக்கு உட்பட்டவர்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. இந்தியாவில் பதிவாகிறவர்களில் குழந்தைகள் 100க்கு ஐந்தாறு பேர் அளவில்தான் நிற்கிறார்கள். மீதிக் குழந்தைகள் எங்கே என்று தேடும் வேலைதான் உங்களுக்குக் கிடைத்திருக்கிறது. அவர்களில் பலர் தனியார் கிளினிக்குகளின் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் பல வருடம் இந்தக் கிளினிக்குகளின் படியேறி இறங்கியதில் எனக்குப் புரிந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டாக்டருக்குக் காசநோய் தெரியும். சந்தேகம் வந்த பிறகு குழந்தையை எங்கே அனுப்புவது, யாரைக் கூப்பிடுவது, ரிசல்ட் தன் கைக்கு வருமா, குழந்தை தன்னிடம் திரும்பி வருமா என்பதில்தான் அவர் நின்றுவிடுகிறார். இந்த நான்குக்கும் பதில் இல்லாமல் எத்தனை ஸ்லைடு போட்டாலும் மறுநாள் ஓ.பி.யில் எதுவும் மாறாது.

டாக்டரைப் பார்ப்பதற்கு முன்: உங்கள் வீட்டுப்பாடம்

வேலையில் சேர்ந்த முதல் இரண்டு வாரம் எந்த டாக்டரையும் பார்க்கப் போகாதீர்கள். மாவட்டத்தில் குழந்தைகளுக்கு என்ன வசதி உண்மையாகவே இருக்கிறது என்று நேரில் போய்ப் பாருங்கள். காகிதத்தில் இருப்பதும் காலை எட்டு மணிக்கு நடப்பதும் ஒன்றாக இருப்பதில்லை.

முதலில் காசநோய்த் துணை இயக்குநர் அலுவலகத்துக்குப் போங்கள். ஒவ்வொரு டி.பி. யூனிட்டிலும் சிகிச்சை மேற்பார்வையாளர் யார் என்று கேட்டுக்கொள்ளுங்கள். எல்லோரும் எஸ்.டி.எஸ். என்றுதான் அவரைச் சொல்வார்கள். உங்கள் வேலையின் பாதி அவர் கையில் இருக்கிறது. பிறகு காசநோய்க் கிருமியை மரபணு வழியாகக் கண்டுபிடிக்கும் சி.பி.நாட், ட்ரூநாட் கருவிகள் எந்தெந்த ஆஸ்பத்திரியில் இருக்கின்றன, எத்தனை மணிக்குள் மாதிரி கொடுத்தால் அன்றைக்கே ஓட்டுகிறார்கள், சனிக்கிழமை வாங்குகிறார்களா என்று அந்த லேப் டெக்னீஷியனிடமே கேளுங்கள். தனியார் டாக்டர் அனுப்பும் குழந்தைக்கும் இந்தப் பரிசோதனை இலவசம். இதைப் பல டாக்டர்கள் நம்புவதில்லை. லேப்பில் ஒருமுறை பேசி உறுதி செய்துகொண்டால் நீங்கள் தைரியமாகச் சொல்லலாம்.

ரொம்ப முக்கியமான கேள்வி ஒன்று உண்டு. குழந்தைக்கு இரைப்பை நீர் எடுத்துத் தருவது யார்? சின்னக் குழந்தைக்குச் சளியைக் காறித் துப்பத் தெரியாது, விழுங்கிவிடும். இரவெல்லாம் விழுங்கிய சளி விடிகாலை வயிற்றில் கிடக்கும். வெறும் வயிற்றோடு, குழந்தை எழுந்து நடமாடுவதற்கு முன், மூக்கு வழியாக மெல்லிய குழாய் விட்டு அந்த நீரை எடுக்க வேண்டும். அதற்கு ஒரு வார்டும் பொறுமையான ஒரு நர்ஸும் வேண்டும். உங்கள் மாவட்டத்தில் எந்த ஆஸ்பத்திரியின் குழந்தைகள் வார்டில் இதைத் தயங்காமல் செய்கிறார்கள் என்று கண்டுபிடியுங்கள். கோவை அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி 1966இல் தொடங்கிய கல்லூரியைச் சேர்ந்தது. கரூர், திருப்பூர், நாமக்கல், நீலகிரி ஆகிய இடங்களில் 2019இலும் அதற்குப் பிறகும்தான் மருத்துவக் கல்லூரிகள் வந்தன. புதிய இடங்களில் ஆளைத் தெரிந்துவைத்திருப்பது இன்னும் முக்கியம். வால்பாறையிலிருந்து ஒரு தாய் விடிகாலை வெறும் வயிற்றுக் குழந்தையோடு பொள்ளாச்சி வந்து சேர முடியாது. அந்தக் குழந்தையை முதல்நாளே அட்மிட் செய்துகொள்வார்களா என்பதையும் கேட்டுவையுங்கள்.

இதையெல்லாம் ஒரே பக்கத்தில், பெரிய எழுத்தில், தமிழில் அச்சடியுங்கள். ஊர், இடம், நேரம், போன் நம்பர். கீழே தேசியக் காசநோய் உதவி எண் 1800-11-6666. இந்த ஒரு தாள் டாக்டரின் மேசைக் கண்ணாடிக்கு அடியில் போய்ச் சேர்ந்தால் உங்கள் பயிற்சியில் பாதி நடந்த மாதிரி.

யாரைக் கூப்பிடுவது

குழந்தை டாக்டர்கள் மட்டும் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். இருமலோடு வரும் குழந்தையை முதலில் பார்ப்பது எம்.பி.பி.எஸ். குடும்ப டாக்டர். சோமனூர், பல்லடம், குமாரபாளையம் மாதிரி தறி ஊர்களில் முப்பது வருடமாக ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கும் டாக்டர்கள் உண்டு. மூன்று தலைமுறையையும் அவர்களுக்குத் தெரியும். யார் வீட்டில் யார் இருமுகிறார் என்பதும் தெரியும். ஒரு மாவட்டத்தில் அப்படிப்பட்ட பத்துப் பேர் உங்களோடு சேர்ந்துவிட்டால் அது பெரிய பலம்.

சித்த வைத்தியர்களையும் விட்டுவிடாதீர்கள். குழந்தை இளைத்து, உடம்பு சுட்டுக்கொண்டே இருந்தால் “கணை” என்று சொல்லி அவர்களிடம் கொண்டுபோகிற வழக்கம் இங்கே இன்னும் இருக்கிறது. அந்தக் குழந்தைகளில் சிலருக்கு இருப்பது காசநோய். மரியாதையோடு போய்ப் பேசினால், “ரெண்டு வாரத்துல தேறலைன்னா அனுப்பிவிடறேனுங்க” என்று ஒப்புக்கொள்பவர்கள் நிறையப் பேர்.

யார் ஏற்கெனவே காசநோய் மருந்து எழுதுகிறார் என்று தெரிய மருந்துக்கடைக்குப் போங்கள். இந்த மருந்துகள் எச்1 அட்டவணையில் இருக்கின்றன. விற்கும் கடைக்காரர் டாக்டர் பெயர், நோயாளி பெயர், அளவு எல்லாவற்றையும் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். துணை இயக்குநர் அலுவலகம் மூலம், மருந்து ஆய்வாளருக்குச் சொல்லிவிட்டு முறைப்படி போங்கள். ஐசோனியசிட், ரிஃபாம்பிசின் குழந்தை சிரப் எந்த டாக்டர் சீட்டில் அதிகம் போகிறது என்பது அங்கே தெரிந்துவிடும். அவர்தான் உங்கள் முதல் ஆள். கண்டிக்கப் போவதாக நினைக்காதீர்கள். அவர் காசநோயை நினைத்துப் பார்க்கிறவர், அதனால்தான் எழுதுகிறார்.

முதல் ஐந்து நிமிடம்

டாக்டரை மதியம் ஒரு மணிக்கு மேல், அல்லது மாலை ஓ.பி. தொடங்குவதற்குக் கால் மணி நேரம் முன்னால் பாருங்கள். திங்கட்கிழமை போகாதீர்கள். மருந்துக் கம்பெனி ரெப்களோடு வரிசையில் உட்கார வேண்டியிருக்கும், உட்காருங்கள். காம்பவுண்டரம்மாவிடம் பெயர் சொல்லிப் பேசுங்கள். பிற்பாடு குழந்தையின் எடையைப் பார்த்து எழுதப்போவது அவர்தான்.

உள்ளே போனதும் சட்டத்தில் தொடங்காதீர்கள். காசநோயை அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2012 மே மாதத்திலிருந்து கட்டாயம், 2018இல் தண்டனைப் பிரிவுகளையும் சேர்த்து அறிவித்தார்கள். இது டாக்டருக்குத் தெரியும். மிரட்டலாகக் கேட்டால் அவர் மருந்தை எழுதிக் கொடுத்துவிட்டுப் பெயரை மறைத்துவைப்பார், அவ்வளவுதான். அவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: “டாக்டர், போன ஒரு வருஷத்துல உங்களுக்கு டி.பி.யா இருக்குமோன்னு சந்தேகம் வந்து, எப்படி உறுதி பண்றதுன்னு தெரியாம நின்ன குழந்தை ஏதாவது ஞாபகம் இருக்குதுங்களா?” நான் கேட்டவர்களில் பெரும்பாலோர் உடனே ஒரு குழந்தையைச் சொன்னார்கள். அந்தக் குழந்தையைப் பற்றிப் பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வகுப்பில் பேசப்போவது அதைத்தான்.

வகுப்பு

ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். இந்திய மருத்துவச் சங்கத்தின் உள்ளூர்க் கிளைக்கூட்டமோ குழந்தைநல மருத்துவர் சங்கத்தின் கூட்டமோ நடக்கும் நாளோடு சேர்த்து வைத்தால் ஆள் வரும். டாக்டர்களின் தொடர்கல்விக்கு மருத்துவ கவுன்சில் தரும் கிரெடிட் மணிக்கு முன்கூட்டியே விண்ணப்பித்துவிடுங்கள். பேசுவதற்குக் குழந்தைகள் துறைப் பேராசிரியர் ஒருவரையும், அந்த ஊரிலேயே கிளினிக் வைத்திருக்கும் டாக்டர் ஒருவரையும் சேர்த்து அழையுங்கள். டாக்டர் இன்னொரு டாக்டரின் அனுபவத்தைக் கேட்பார். நீங்கள் பேச வேண்டியது வழியைப் பற்றி மட்டும்.

எதிலிருந்து தொடங்குவது? வீட்டில் யாருக்கு இருமல் என்ற கேள்வியிலிருந்து. இதில் அரை மணி நேரம் போனாலும் பரவாயில்லை. குழந்தைக்குக் காசநோய் பெரும்பாலும் கூடவே இருக்கும் பெரியவரிடமிருந்து வருகிறது. கடந்த இரண்டு வருடத்துக்குள் அப்படி ஒருவரோடு இருந்திருந்தால் சந்தேகம் பலமாகிறது. ஆனால், “வீட்டுல யாருக்காச்சும் டி.பி. இருக்குதுங்களா?” என்று கேட்டால் “ஐயோ, அதெல்லாம் இல்லீங்க” என்றுதான் பதில் வரும். வயதானவர்கள் மனதில் டி.பி. என்றால் இன்னும் பெருந்துறை சானடோரியம்தான். அந்தச் சானடோரியம் இருந்த இடத்தில் இன்று ஈரோடு அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. சென்னையில் 1956இல் தொடங்கிய ஆராய்ச்சி மையம், வீட்டில் இருந்தபடியே மருந்து சாப்பிட்டாலும் சானடோரியத்தில் இருந்த அளவுக்குக் குணமாகிறது என்று நிரூபித்துப் பல தலைமுறை ஆகிவிட்டது. இருந்தும் பயம் போகவில்லை, பெண்குழந்தை இருக்கிற வீட்டில் அது இன்னும் கூடுதல்.

அதனால் கேள்வியை மாற்றிக் கேட்கப் பழக்குங்கள். சோமனூர்ப் பக்கம் ஒரு கிளினிக்கில் நான் உட்கார்ந்திருந்தபோது நடந்ததைச் சொல்கிறேன். இரண்டே கால் வயதுப் பெண்குழந்தை. தாய் சொன்ன முதல் வார்த்தை, “புள்ள தேறவே மாட்டேங்குதுங்க டாக்டர்.” டி.பி. பற்றிக் கேட்டதற்கு இல்லை என்றார். டாக்டர் அதோடு விடவில்லை. “நீங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போயிட்டா பகல்ல புள்ளைய யாருங்க பாத்துக்கறது?”

“எங்க அப்பா அம்மாதானுங்க. அவளுக்கு அப்புச்சி மடிய விட்டு எறங்கவே மனசு வராதுங்க.”

“அப்புச்சி எப்படி இருக்காரு? இருமல் கிருமல் இருக்குதுங்களா?”

“அது பஞ்சு இருமலுங்க. தறிக்குப் போனவருங்களே, எப்பவும் இருக்கறதுதானுங்க.”

அங்கேதான் கண்டுபிடிப்பு நடந்தது. டாக்டர் அப்புச்சியையும் அழைத்துவரச் சொன்னார். அவருடைய சளியில் கிருமி இருந்தது. குழந்தையின் இரைப்பை நீரிலும் வந்தது. பஞ்சுத்தூசியில் இருமுகிறவர்கள் நிறைந்த ஊரில் இருமல் ஒரு நோயாகவே கணக்கில் வருவதில்லை. தறி ஊர் டாக்டர்களுக்கு இந்த ஒன்றை நீங்கள் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். கேட்க வேண்டியவை: பகலில் குழந்தை யாரிடம் இருக்கிறது, இரவு யார் பக்கத்தில் படுக்கிறது, வீட்டில் யாராவது ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டார்களா, ரொம்ப நாளாக யாருக்கு இருமல். திருப்பூரில் லைன் வீடுகளில் பீகார், ஒடிசா, ஜார்க்கண்டிலிருந்து வந்த குடும்பங்கள் அடுத்தடுத்த அறைகளில் இருக்கும். அங்கே “வீட்டில்” என்று கேட்டால் போதாது, “பக்கத்து ரூமில்” என்றும் கேட்க வேண்டும். இந்தக் கேள்விகளை இந்தியிலும் ஒடியாவிலும் எழுதிய அட்டை ஒன்று கிளினிக்கில் இருந்தால் டாக்டருக்குப் பெரிய உதவி.

அடுத்தது எடை. “தேறவில்லை” என்ற சொல்லை எண்ணாக மாற்றுவதுதான் இங்கே வேலை. மூன்று மாதத்தில் எடை 5 சதவீதத்துக்கு மேல் குறைந்தாலோ, மூன்று மாதமாக ஏறாமலே நின்றாலோ அதை ஓர் அறிகுறியாக எடுத்துக்கொள்ள வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், இரண்டு வாரத்துக்கு மேல் காய்ச்சல், எடை, காசநோயாளியின் தொடர்பு. இந்த நான்கையும் மட்டும் மனப்பாடமாக ஆக்கிவிடுங்கள். பழைய எடை கிளினிக்கில் இருக்காது. அங்கன்வாடியிலும் தடுப்பூசி அட்டையிலும் இருக்கும், தாயிடம் கொண்டுவரச் சொல்ல வேண்டும். கிளினிக் எடை மெஷினையும் ஒருமுறை சோதித்துப் பாருங்கள். மளிகைக்கடையில் ஐந்து கிலோ எடைக்கல் ஒன்றை இரவல் வாங்கி மேலே வைத்தால் போதும். நான் பார்த்த ஒரு கிளினிக்கில் மெஷின் அறுநூறு கிராம் கூடுதலாகக் காட்டியது. பத்துக் கிலோக் குழந்தைக்கு அறுநூறு கிராம் என்றால் அந்த 5 சதவீதமே அதில் மறைந்துபோகும்.

அப்புறம், பிரைமரி காம்ப்ளெக்ஸ். நம் ஊரில் இந்தப் பெயரைக் கேள்விப்படாத தாய் இல்லை. “புள்ளைக்குப் பிரைமரி காம்ப்ளெக்ஸ்னு சொல்லி ஆறு மாசம் டானிக் குடுத்தோமுங்க” என்று சாதாரணமாகச் சொல்வார்கள். அந்த டானிக்கில் இருப்பது காசநோய் மருந்து. டி.பி. என்று சொன்னால் குடும்பம் கலங்கிப் போகும் என்று டாக்டர் மென்மையான பெயரைச் சொல்கிறார். அவர் எண்ணம் நல்லது. அதனால் நடக்கும் கெடுதல் இரண்டு பக்கமும் இருக்கிறது. காசநோயே இல்லாத குழந்தை, சாப்பிட மாட்டேன் என்கிறது, அடிக்கடி சளி பிடிக்கிறது என்பதற்காக ஆறு மாதம் மருந்து குடிக்கிறது. காசநோய் உள்ள குழந்தையோ கிருமிப் பரிசோதனை இல்லாமல், மருந்து எதிர்ப்பு இருக்கிறதா என்று தெரியாமல், அரசின் காசநோய்ப் பதிவுத் தளமான நிக்ஷயில் பெயர் ஏறாமல், நோயைக் கொடுத்த பெரியவரை யாரும் தேடாமல் சிகிச்சையை முடிக்கிறது, அல்லது பாதியில் விடுகிறது. டி.பி. இல்லை, பிரைமரி காம்ப்ளெக்ஸ்தானே, எதற்குப் பதிவு என்று கேட்கும் டாக்டர்களை நீங்கள் நிச்சயம் சந்திப்பீர்கள். தாயிடம் எந்தப் பெயரில் வேண்டுமானாலும் ஆறுதலாகப் பேசட்டும், ஆனால் காசநோய் மருந்து எழுதினால் அது காசநோய், பதிவு செய்ய வேண்டும். இதில் மட்டும் நீங்கள் விட்டுக்கொடுக்கக் கூடாது.

இந்தப் பெயர் பெரும்பாலும் தோலில் ஊசி போட்டுப் பார்க்கும் மான்டூ டெஸ்டிலிருந்துதான் பிறக்கிறது. ஆகவே மான்டூவை வகுப்பில் கையில் போட்டே காட்டுங்கள். முன்கையின் உள்பக்கம், தோலுக்குள் 0.1 மில்லி, 2 யூனிட் மருந்து. பல லேப்களில் 5 யூனிட், 10 யூனிட் என்று போடுகிறார்கள், அதில் வீக்கம் தேவையில்லாமல் கூடும். 48 முதல் 72 மணி நேரத்துக்குள் பார்க்க வேண்டும். சிவப்பை அளக்கக் கூடாது, தடிப்பை அளக்க வேண்டும். இதற்கு பால்பாயின்ட் பேனா போதும். வெளித்தோலிலிருந்து தடிப்பை நோக்கி மெதுவாகக் கோடு இழுத்துக்கொண்டே வந்தால் தடிப்பின் விளிம்பில் பேனா தட்டி நிற்கும். எதிர்ப்பக்கத்திலிருந்தும் அதே மாதிரி. இரண்டு கோடுகளுக்கும் நடுவில் உள்ள தூரத்தை ஸ்கேலில் அளந்து மில்லிமீட்டரில் எழுத வேண்டும். 10 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தால் பாசிடிவ், எச்.ஐ.வி. உள்ள குழந்தைக்கு 5 மி.மீ. பாசிடிவ் என்றால் கிருமி உடம்பில் நுழைந்திருக்கிறது என்று மட்டும்தான் பொருள். நோய் இருக்கிறது என்று மான்டூ சொல்லாது. ரொம்ப இளைத்த குழந்தைக்கும், அம்மை கண்டு எழுந்த குழந்தைக்கும் நோய் இருந்தும் நெகடிவ் வரலாம். ஆயிரக்கணக்கில் செலவழித்து எடுக்கும் டி.பி. கோல்டு ரத்தப் பரிசோதனைக்கும் இதே எல்லைதான். எதிர்ப்பொருளைப் பார்க்கும் பழைய ரத்தப் பரிசோதனைகளை இந்தியா 2012லேயே தடை செய்துவிட்டது.

எக்ஸ்ரேக்கு உண்மையான படங்களைக் கொண்டுபோங்கள். பெயரை மறைத்துவிடுங்கள். அழுகிற குழந்தைக்கு மூச்சை விட்ட நேரத்தில் எடுத்த படத்தில் நெஞ்சின் நடுப்பகுதி அகலமாகத் தெரியும். கைக்குழந்தைக்குத் தைமஸ் சுரப்பி பாய்மரம் போல விரிந்து நிற்கும். உடம்பு திரும்பிப் படுத்திருந்தால் ஒரு பக்கம் நெறிக்கட்டி மாதிரி தோன்றும். இந்த மூன்றையும் டி.பி. என்று வாசித்துவிடுவது சகஜம். ரிப்போர்ட்டில் “பிராங்கோவாஸ்குலர் மார்க்கிங் ப்ராமினன்ட்” என்று எழுதியிருந்தால் அதை வைத்து மருந்து தொடங்கக் கூடாது. நுரையீரல் வாயிலிலோ மூச்சுக்குழாய்ப் பக்கத்திலோ தெளிவான நெறிக்கட்டி, தினை இறைத்த மாதிரி இரண்டு நுரையீரலிலும் புள்ளிகள், பெரிய பிள்ளைகளுக்குக் குழி விழுந்த நிழல் ஆகியவை பலமான அடையாளங்கள். பக்கவாட்டுப் படமும் எடுத்தால் நெறிக்கட்டி நன்றாகத் தெரியும்.

நிழல் தெளிவாக இல்லையென்றால் சாதாரண ஆன்டிபயாடிக் ஏழு முதல் பத்து நாள் கொடுத்துவிட்டு, இரண்டு வாரம் கழித்து மறுபடி பார்ப்பது முறை. இந்த இடத்தில் லீவோஃப்ளாக்ஸசின், ஆஃப்ளாக்ஸசின், லினிசோலிட் எழுத வேண்டாம் என்று அழுத்திச் சொல்லுங்கள். அவை காசநோய்க் கிருமியையும் கொஞ்ச நாள் அடக்கும். குழந்தை தேறுவது போல இருக்கும், பிறகு திரும்ப விழும். டி.பி. மருந்தையே “போட்டுப் பார்க்கலாம்” என்று தொடங்குவதும் கூடாது.

மாதிரி எடுப்பதைப் பற்றி மேலே சொல்லிவிட்டேன். வகுப்பில் கூடுதலாகச் சொல்ல வேண்டியது இது: குழந்தைகளுக்குக் கிருமி எண்ணிக்கை குறைவு. நோய் உள்ள குழந்தைகளிலும் பாதிக்கு மேல் பரிசோதனையில் அகப்படாது. நெகடிவ் வந்தால் டாக்டர் கைவிட்டுவிடாமல் தொடர்பு, எடை, எக்ஸ்ரே எல்லாவற்றையும் சேர்த்து முடிவெடுக்க வேண்டும். மலத்தில் சி.பி.நாட் பார்ப்பதையும் உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. உங்கள் லேப்பில் வாங்குகிறார்களா என்று கேட்டு, வாங்கினால் அதையும் தாளில் சேருங்கள். கழுத்துக் கட்டி 2 செ.மீ.க்கு மேல் இருந்து ஆன்டிபயாடிக்குக்கும் கரையவில்லை என்றால் ஊசியால் உறிஞ்சி எடுத்த மாதிரியை சி.பி.நாட்டுக்கும் அனுப்ப வேண்டும்.

ஒரே ஒரு எச்சரிக்கையை மட்டும் சத்தமாகச் சொல்லுங்கள். ஒரு வாரமாகக் காய்ச்சல், வாந்தி, குழந்தை எதையும் கவனிக்காமல் மந்தமாக இருக்கிறது, அல்லது கண் மாறுகண்ணாகிறது என்றால் அது மூளைக்காய்ச்சலாக இருக்கலாம். அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும், மான்டூ போட்டுக் காத்திருக்கக் கூடாது. ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குக் கிருமி தொற்றினால் கிட்டத்தட்ட இரண்டில் ஒருவருக்கு நோயாக மாறுகிறது. பி.சி.ஜி. தடுப்பூசி போட்டிருந்தால் மூளைக்காய்ச்சலின் ஆபத்து குறையும், ஆனால் முழுப் பாதுகாப்பு இல்லை.

மருந்து பற்றி, சுருக்கமாக

நாலு மருந்து இரண்டு மாதம், பிறகு மூன்று மருந்து நாலு மாதம், தினமும். தண்ணீரில் கரையும் குழந்தை மாத்திரைகள் அரசின் காசநோய்த் திட்டத்தில் இலவசம். 4 முதல் 7 கிலோவுக்கு ஒன்று, 8 முதல் 11 கிலோவுக்கு இரண்டு, 12 முதல் 15 கிலோவுக்கு மூன்று, 16 முதல் 24 கிலோவுக்கு நாலு. அதோடு எதாம்புட்டால் தனி மாத்திரையும் அதே எண்ணிக்கையில். கண்ணுக்குக் கெடுதல் என்று பயந்து சில டாக்டர்கள் எதாம்புட்டாலை விட்டுவிடுகிறார்கள். எடைக்கு ஏற்ற அளவில் கொடுத்தால் குழந்தைக்குப் பாதுகாப்பானது. மாதாமாதம் எடை ஏறும்போது மாத்திரை எண்ணிக்கையும் மாற வேண்டும். இது அடிக்கடி மறந்துபோகிறது.

வகுப்பு முடிந்த பிறகு

உண்மையில் வேலை இங்கேதான் தொடங்குகிறது. பத்து நாளுக்குள் ஒவ்வொரு டாக்டரையும் கிளினிக்கில் போய்ப் பாருங்கள். தாள் மேசையில் இருக்கிறதா, காம்பவுண்டரம்மா எடை எழுதுகிறாரா, ஏதாவது குழந்தை சந்தேகத்தில் இருக்கிறதா என்று கேளுங்கள்.

முதல் குழந்தையை டாக்டர் அனுப்பும்போது நீங்களும் கூடவே போங்கள். காலையில் எந்த வார்டு, எந்த நர்ஸ், டோக்கன் எங்கே என்று தெரியாமல் அந்தத் தாய் திரும்பிவிட்டால் அந்த டாக்டர் இன்னொரு குழந்தையை அனுப்பவே மாட்டார். ஒருமுறை எனக்கு அப்படி நடந்தது. நான் போனில் சொல்லிவிட்டால் போதும் என்று இருந்துவிட்டேன். ஓர் ஆஸ்பத்திரியில் அன்றைக்கு நர்ஸ் லீவு. தாய் பசியோடு அழும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பத்து மணி வரை நின்றுவிட்டு ஊருக்கு பஸ் ஏறிவிட்டார். அந்த டாக்டரின் நம்பிக்கையைத் திரும்பப் பெற எனக்கு ஒரு வருடம் ஆனது.

ரிசல்ட் டாக்டர் கைக்குப் போக வேண்டும், தாய்க்குத் தெரிவதற்கு முன்னாலோ அல்லது அதே நாளிலோ. வாட்ஸ்ஆப்பில் அனுப்பினால் டாக்டருக்குத் தனியாக அனுப்புங்கள். குழுவில் குழந்தையின் பெயரோ படமோ வரக்கூடாது. குழந்தை அவரிடமே சிகிச்சையைத் தொடரலாம், அரசு மாத்திரை அவர் கிளினிக் வழியாகவே போகலாம் என்று எஸ்.டி.எஸ். வாயாலேயே அவரிடம் சொல்ல வையுங்கள். நோயாளி கைவிட்டுப் போய்விடுவார் என்ற கவலை டாக்டருக்கு இருப்பது இயல்பு. அதை வெளியே சொல்ல மாட்டார், நீங்களாகவே பேசித் தீர்க்க வேண்டும். பதிவு செய்ததற்கு 500 ரூபாயும் சிகிச்சை முடிவைத் தெரிவித்ததற்கு 500 ரூபாயும் டாக்டருக்கு உண்டு. பலர் அதைப் பெரிதாக நினைப்பதில்லை. குடும்பத்துக்கு மாதம் 1000 ரூபாய் சத்துணவுத் தொகை வரும், 2024 நவம்பருக்கு முன் அது 500ஆக இருந்தது. லைன் வீட்டுக் குடும்பங்களுக்கு வங்கிக் கணக்கு சொந்த ஊரில் இருக்கும். பாஸ்புக்கை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லி முதல் வாரத்திலேயே பதிவேற்றிவிடுங்கள். இடையில் ஊருக்குக் கிளம்பினால் அங்கே உள்ள மையத்துக்கு நிக்ஷய் தளத்திலேயே மாற்றிவிடலாம். கிளம்புவதற்கு முன் போன் செய்யும்படி தாயிடம் உங்கள் நம்பரைக் கொடுத்துவையுங்கள்.

மாத அறிக்கையில் “பயிற்சி பெற்ற டாக்டர்கள் 60” என்று மட்டும் எழுதி அனுப்பாதீர்கள். எத்தனை குழந்தைகளைச் சந்தேகத்தில் அனுப்பினார்கள், எத்தனை பேருக்கு மாதிரி எடுத்தோம், எத்தனை பேருக்கு உறுதியானது, எத்தனை பேர் பதிவானார்கள் என்று டாக்டர் வாரியாக ஒரு நோட்டில் வையுங்கள். அனுப்பிய டாக்டரின் பெயருக்கு நேரே மூன்று மாதமாக ஒன்றும் இல்லையென்றால் போய்ப் பாருங்கள். பெரும்பாலும் காரணம் சின்னதாக இருக்கும்: போன் நம்பர் மாறியிருக்கும், தாள் கிழிந்திருக்கும், கடைசியாக அனுப்பிய குழந்தையின் ரிசல்ட்டை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அந்த நோட்டில் இன்னொரு பத்தியும் போடுங்கள், வீட்டில் உள்ள மற்றவர்களுக்கு. ஒரு குழந்தைக்குக் காசநோய் உறுதியானால் அந்த வீட்டில் அதைக் கொடுத்த பெரியவர் ஒருவர் இருக்கலாம். பெரியவருக்குக் காசநோய் என்றால் அதே மடியில் வளரும் மற்றக் குழந்தைகளைச் சோதிக்க வேண்டும். நோய் இல்லையென்றால் தடுப்பு மருந்து தர வேண்டும். ஆறு மாதம் தினமும் ஐசோனியசிட், அல்லது இரண்டு வயதுக்கு மேல் இருந்தால் வாரம் ஒருமுறையாகப் பன்னிரண்டு வாரம் ஐசோனியசிட்டும் ரிஃபாபென்டினும். சோமனூர்க் குழந்தைக்கு எட்டு மாதத் தம்பி ஒருவன் இருந்தான். அவனும் பகலெல்லாம் அதே அப்புச்சியிடம்தான். அவனுக்கு எக்ஸ்ரே எடுத்து, நோய் இல்லை என்று பார்த்து, தடுப்பு மருந்து தொடங்கினோம். ஆறு மாதமும் மாத்திரையைப் பொடித்துத் தண்ணீரில் கரைத்துப் புகட்டியது அவன் பாட்டி, அந்த அம்மிச்சி. ஒவ்வொரு மாதமும் எடை பார்க்க அவனைத் தூக்கிக்கொண்டு வந்ததும் அவர்தான். கடைசி மாதம் வந்தபோது பக்கத்து வீட்டுப் பையன் ஒருவனையும் கையைப் பிடித்துக் கூட்டிவந்திருந்தார். “இவனும் தேறவே மாட்டேங்கறானுங்க, ஒருக்கா எடை போட்டுப் பாருங்க” என்றார்.